களிக்கு முன்னால் ஒரு ஊசி

எழுமலையில் என் கணவரின் பூர்வீக வீட்டு மாடியறைக் கதவைத் தாழிட்டுவிட்டு, பட்டுச்சேலையின் கொசுவத்தை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, என் மகளின் வயிற்றில் ஊசி போட்டேன். அன்றைக்கு அவளுக்குச் சடங்கு. கீழே உளுந்தங்களி தயாராக இருந்தது. கதவைத் தட்டிய என் நாத்தனார், "என்னத்தா இம்புட்டு நேரம், பொண்ணு ரெடியா?" என்று கேட்டார். "பின்னு குத்துறேன் மதினி, இந்தா வாரோம்" என்றேன். பொய் சொல்வது எனக்கு அதற்குள் நன்றாகப் பழகியிருந்தது.

மகளுக்கு ஏழு வயதில் சர்க்கரை நோய் வந்தது. பெரியவர்களுக்கு வருவது வேறு, இது வேறு. இதில் உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடும். மாத்திரை கிடையாது. பத்தியம் இருந்து குணமாக்கவும் முடியாது. காலையில் ஒரு நாள் முழுக்க நிற்கும் ஊசி ஒன்று, அதுபோக ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னாலும் ஒன்று. இன்சுலின் இல்லாமல் ஒரு நாள் போனாலே பிள்ளை படுத்துவிடும், அதற்கு மேல் போனால் உயிருக்கே ஆபத்து. இதை டாக்டர் சொன்ன அன்று ஆஸ்பத்திரி வாசலிலேயே என் கணவர், "பொம்பளப் புள்ள. நாளைக்கு ஒரு இடத்துல குடுக்கணும். நம்ம ரெண்டு பேரத் தவிர ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக்கூடாது" என்றார். நான் சண்டை போட்டேன். ஏழு வயசுப் பிள்ளைக்கு இப்பவே மாப்பிள்ளை பார்க்கணுமா என்று கேட்டேன். ஆனால் அவர் அன்றைக்கு அழுதுகொண்டிருந்தார். அழுகிற ஆளிடம் எவ்வளவு நேரம்தான் சண்டை போடுவது. என் கூடப்பிறந்த அண்ணனுக்குக்கூடச் சொல்லவில்லை.

அதனால் என் போனில் இரண்டு உலகங்கள் இருந்தன. ஒன்று குடும்ப வாட்ஸ்அப் குரூப். இரண்டு பக்கத்துச் சொந்தமும் அதில் உண்டு. விடிந்ததும் ரோஜாப்பூவும் முருகன் படமும் வரும். நாள் தவறினாலும் ஒரு வீடியோ தவறாது: பாகற்காய்ச் சாறு குடித்தால் சர்க்கரை ஓடிப்போகும், வெண்டைக்காயை ஊறவைத்த தண்ணீர் குடித்தால் ஊசியே வேண்டாம். அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். நானும் கைகூப்பிப் போடுவேன். போடாவிட்டால் ஏன் போடவில்லை என்று கேட்பார்கள்.

இன்னொன்று அம்மாக்கள் குரூப். இதே நோய் உள்ள பிள்ளைகளின் அம்மாக்கள், கொஞ்சம் அப்பாக்கள். ஒரு டாக்டர் அறை வாசலில் காத்திருந்த சிலர் சேர்ந்து ஆரம்பித்தது, பிறகு என்னைப் போல எங்கெங்கோ இருந்தெல்லாம் ஆட்கள் சேர்ந்தார்கள். அட்மின் மதுரை காளவாசலில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கும் ஒரு பெண். அவர் மகனுக்கும் இதே நோய். ரொம்பக் கறார். மருந்தில்லாமல் குணமாகும் என்று எவராவது வீடியோ போட்டால் அடுத்த நிமிடம் அவரைத் தூக்கிவிடுவார். எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு மருந்து என்று யாரும் யாருக்கும் சொல்லக்கூடாது, அது டாக்டர் வேலை. மற்றபடி எதையும் கேட்கலாம். பரீட்சை அன்றைக்குச் சர்க்கரை ஏன் ஏறுகிறது, டூர் போனால் மருந்தை எப்படிக் குளிர்ச்சியாக வைப்பது, பிள்ளை ஊசிக்குப் பயந்து அடம்பிடிக்கும்போது அடித்துவிட்டேன், இப்போது என்ன செய்வது. எல்லாவற்றுக்கும் யாராவது ஒருத்தர் பதில் போடுவார். அவர்களில் ஒருவரின் முகத்தையும் நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் என் வீட்டில் அழ முடியாத அழுகையை எல்லாம் அங்கேதான் அழுதேன்.

சடங்கு வைப்பது என்று முடிவானதும் நான் பயந்தது களியை நினைத்துத்தான். கருப்பட்டிப் பாகு ஊற்றிக் கிண்டி, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் விட்டு, அத்தைமார் வரிசையாக வந்து பொண்ணுக்கு ஊட்டுவார்கள். ஒருத்தர் கையால் வாங்கிவிட்டு அடுத்தவர் கையால் வேண்டாம் என்றால் அதைப் பேரன் பேத்தி எடுக்கும்வரை பேசுவார்கள். குரூப்பில் கேட்டேன். திண்டுக்கல் பக்கத்து அம்மா ஒருவர், எனக்காகவே தன் வீட்டில் களி கிண்டி, எடை போட்டு, தன் மகளுக்கு ஊட்டி, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துப் போட்டார். "எங்க வீட்டுக்கும் இது நாளைக்கு வரத்தானே போகுது, நானும் தெரிஞ்சுக்கிட்டேன்" என்று கீழே எழுதியிருந்தார். அதைக் காட்டித்தான் டாக்டரிடம் களிக்கு எவ்வளவு போடுவது என்று கேட்டு வைத்தேன். டாக்டர் சிரித்துவிட்டு அளவு சொன்னார்.

எல்லாம் திட்டப்படி நடந்தது. களி ஊட்டினார்கள், மகள் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டாள். ஆனால் காலையில் இட்லி சாப்பிட்ட பிறகே சர்க்கரை கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது. ஊருக்கு வந்த அலைச்சல், தூக்கம் இல்லை, பரபரப்பு, அதனால் இருக்கும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். களி முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, சேலை மாற்றும் சாக்கில் மாடிக்குக் கூட்டிப்போய் விரலில் குத்திப் பார்த்தேன். முந்நூற்றைத் தாண்டியிருந்தது. டாக்டருக்குப் போன் செய்து, அவர் சொன்னபடி இன்னொரு ஊசி போட்டேன்.

கீழே மேடையில் உட்கார்ந்தவள் தண்ணீர் கேட்டாள். மறுபடியும் கேட்டாள். பக்கத்தில் இருந்த யாரோ, "பொண்ணுக்கு வெக்கத்துல நாக்கு வறளுதுப்பா" என்று கேலி செய்தார்கள். எனக்கு அந்த ஆளை எழுந்து போகச் சொல்லவேண்டும் போல் இருந்தது. திரும்ப மாடிக்குக் கூட்டிவந்து பார்த்தேன். மீட்டரில் எண் வரவில்லை. 'ஹை' என்று மட்டும் காட்டியது. அளக்க முடியாத அளவுக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். இத்தனை வருடத்தில் அந்த எழுத்தை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன், நோயைக் கண்டுபிடித்த அன்று. டாக்டரை மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை. குரூப்பில் எழுதினேன்: "ரெண்டு ஊசி போட்டும் இறங்கல. மீட்டர் ஹை காட்டுது. எழுமலைல சடங்கு வீட்டுல இருக்கேன்."

நான் போனைக் கீழே வைப்பதற்குள் பதில்கள் வந்து விழுந்தன. ஊசி உறுதியாக ஏறியதா, போட்ட இடம் கட்டியாக இருக்கிறதா, ஊசி போடும் பென்னில் காற்று இருந்ததா. சிறுநீரில் கீட்டோன் பட்டை வைத்துப் பாருங்கள் என்றார் காளவாசல்காரர். பார்த்தேன், பட்டை கத்தரிப்பூ நிறத்துக்குப் போனது. இன்சுலின் கிடைக்காமல் உடம்பு கொழுப்பை எரித்து ரத்தத்தில் அமிலம் சேர்கிறது என்பதற்கு அடையாளம் அது. அதைப் போட்டதும் காளவாசல்காரர் கேட்டார்: "மருந்த எங்க வச்சீங்க?"

"ஃப்ரிட்ஜ் கதவுல."

"உங்க வீட்டு ஃப்ரிட்ஜா, சடங்கு வீட்டு ஃப்ரிட்ஜா? வேற யாராச்சும் எடுத்து மாத்தி வச்சாங்களான்னு கேளுங்க. இப்பவே."

நான் மருந்தை மருந்தாகக் கொண்டுவரவில்லை. பென், அதற்குள் மருந்தோடு மாட்டும் ஸ்பேர் கார்ட்ரிட்ஜ் எல்லாவற்றையும் முகப்பூச்சு கிரீம் வந்த ஒரு அழகான அட்டைப் பெட்டிக்குள் வைத்து, மேக்கப் சாமான் என்று சொல்லி முதல் நாள் சாயங்காலம் ஃப்ரிட்ஜ் கதவில் வைத்திருந்தேன். படி இறங்கி ஓடினேன். சமையல்கட்டில் மதினி இலைக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அவர் சொல்தான் சட்டம். என் மாமியார் போன பிறகு, அதே ஊரில் கட்டிக்கொடுத்த மதினிதான் நல்லது கெட்டது எல்லாவற்றையும் நடத்துகிறவர்.

"மதினி, ஃப்ரிட்ஜ்ல இருந்த அந்த கிரீம் பெட்டிய எடுத்தீங்களா?"

"ஆமா. ராத்திரி பூ வந்துச்சுல்ல, வைக்க எடமில்ல. மல்லியப்பூ வாடிப்போயிருமேன்னு எல்லாத்தையும் ஒதுக்குனேன். ஒம் பெட்டிய மேல ஐஸ் பொட்டில வச்சேன். கிரீமுதானே, நல்லா ஜில்லுன்னு இருக்கட்டும்னு. விடியக்காலைல பூவ எடுத்துட்டு திரும்ப எடத்துலயே வச்சுட்டேனே. ஏன், எதுவும் காணோமா?"

"ஒண்ணுமில்ல மதினி" என்றேன். அவர் மேல் கோபப்பட என்னிடம் ஒரு நியாயமும் இல்லை. பூ வாடக்கூடாது என்று நினைத்த மனுஷி. கிரீம் என்று சொன்னது நான். உறைந்துபோன இன்சுலின் உருகினாலும் பார்க்க அப்படியேதான் இருக்கும், ஆனால் உடம்பில் வேலை செய்யாது. காலையில் இருந்து என் பிள்ளைக்கு நான் போட்ட அத்தனையும் வெறும் தண்ணீர்.

மாடிக்கு ஓடிவந்து குரூப்பில் சொன்னேன். "எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க. காத்திருக்காதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க. நான் ஐஸ் ஜெல்லோட புது மருந்து எடுத்துட்டு காளவாசல்ல இருந்து கிளம்புறேன், உசிலம்பட்டி ஆஸ்பத்திரிக்கு நேரா வாரேன்" என்றார் அவர். கடையைப் பூட்டிவிட்டாரா என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. ஒருவர் எழுமலையில் திறந்திருக்கும் மருந்துக்கடையின் நம்பரைத் தேடிப் போட்டார். கூப்பிட்டேன், பெரியவர்களுக்குப் போடும் கலப்பு மருந்து மட்டும்தான் இருந்தது.

போனை மகள் பக்கத்தில் வைத்துவிட்டுக் கீழே ஓடி, வாசலில் என் கணவரைப் பிடித்து இழுத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் செத்துப்போனது. பயந்தார் என்பது உண்மை. ஆனால் தெருமுனையில் தப்பு மேளச் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. என் அண்ணன் தாய்மாமன் சீர் கொண்டுவருகிறான். தட்டுகள் தூக்கிய பெண்கள், ஆட்டுக்கிடாய், இரண்டு டெம்போ, வெடி. எங்கள் கார் உள்தெருவில் நின்றது, சீர் வழியை அடைத்ததால் வெளியே எடுக்க முடியாது.

"சீர் உள்ள வந்துரட்டும். மாலையப் போட்டதும் பின்வாசல் வழியாக் கூட்டிட்டுப் போயிரலாம். பாதியில எந்திரிச்சா என்ன ஏதுன்னு கேப்பாங்க. அரை மணி நேரந்தான்" என்றார்.

"அரை மணி நேரத்துல என்ன ஆகும்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"மெதுவாப் பேசு" என்றார்.

அந்த 'மெதுவாப் பேசு'வை அதுவரை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்குக் கேட்டபோது அவர் கழுத்தைப் பிடித்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. தப்புச் சத்தம் நெருங்கிக்கொண்டே வந்தது. மாடிக்கு ஓடினேன்.

மகள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். பட்டுச்சேலை முழுவதும் வாந்தி. களியின் கருப்பு நிறம். மூச்சு வேகமாக வந்தது, வாயில் அழுகிய பழவாசனை. "வயிறு வலிக்குதும்மா" என்றாள். அவளைத் தூக்கப் போனேன். அவள் கையில் என் போன் இருந்தது.

"என்னடி பண்ற?"

"போட்டுட்டேன்" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். குடும்ப குரூப்பில், காலையில் வந்த முருகன் படத்துக்குக் கீழே, மீட்டரின் போட்டோ. அதற்குக் கீழே அவள் எழுதியிருந்தாள்: "எனக்கு ஏழு வயசுல இருந்து சுகர். தினமும் ஊசி போடுறேன். இன்னைக்கு மருந்து கெட்டுப்போச்சு. வாந்தி எடுக்குறேன். நான் மாடில இருக்கேன். ஆஸ்பத்திரி போகணும், யாராச்சும் வழி விடுங்க."

நான் அதை அழிக்க நினைத்தேனா என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். நினைக்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கு ஒரே ஒரு உணர்ச்சிதான், ஐந்து வருடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவள் விட்ட மாதிரி. பயமும் அதோடு சேர்ந்தே இருந்தது. அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு படியில் கால் வைத்தபோது, தெருவில் தப்பு நின்றது.

ஒரேயடியாக நிற்கவில்லை. ஒருத்தர் நிறுத்தினார், பிறகு இன்னொருவர். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சீர்த்தட்டுத் தூக்கிய பெண்கள் தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி போனை இன்னொருத்தி எட்டிப் பார்த்தார்கள். யாரோ சத்தமாக வாசித்தார்கள். டெம்போக்காரன் பின்னால் எடுக்க ஆரம்பித்தான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு என் அண்ணன் ஓடிவந்தான், தோளில் போட்ட மாலையோடு.

கூடத்தில் என் மகளைப் பார்த்து நின்றான். பிறகு என்னைப் பார்த்தான். "எனக்குமாத்தா சொல்லல?" என்றான். பதிலுக்கு நிற்காமல் மாலையைக் கழற்றி யார் கையிலோ கொடுத்துவிட்டு, "மாப்ள, வண்டிய எடுறா" என்று என் கணவரைப் பார்த்துக் கத்தினான். என் கணவர் அசையாமல் நின்றார். அவரைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் அவரையே பார்த்தார்கள்.

அப்போதுதான் என் கொழுந்தன் மனைவி வந்தாள். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகவில்லை, அந்த வீட்டிலேயே இருக்கும் புதுப்பெண். அதிர்ந்து பேசாதவள். கூட்டத்துக்குள் நுழைந்து என் பக்கத்தில் ஒட்டி நின்றாள். முந்தானைக்குள் இருந்து என் கையில் எதையோ திணித்தாள். ஜில்லென்று ஈரமாக இருந்தது. ஒரு இன்சுலின் கார்ட்ரிட்ஜ், சீல் உடைக்காதது.

"இதுதானேக்கா?" என்று காதில் சொன்னாள். பெயரைப் பார்த்தேன். அதேதான், சாப்பாட்டுக்கு முன் போடும் அதே மருந்து. "மண்சட்டிக்குள்ள ஈரமணல்ல வச்சிருக்கேன். நல்லாத்தான் இருக்கும். என்னுதுன்னு சொல்லிறாதீங்க. அவருக்கு மட்டுந்தான் தெரியும்."

அவள் கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை. ஒரே வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே, நான் மாடியில் கதவைத் தாழிட்டது போல் அவளும் எங்கோ தாழிட்டுக்கொண்டு குத்திக்கொண்டிருக்கிறாள். அதை யோசிக்க அப்போது நேரமில்லை. டாக்டர் திரும்பக் கூப்பிட்டார். மருந்தின் பெயரை வாசித்தேன், அளவு சொன்னார். போட்டுவிட்டு ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அந்தக் கார்ட்ரிட்ஜைப் பென்னில் மாட்டினேன். "ஊசிய மாத்தும்மா, புது ஊசி" என்று மகள்தான் நினைவூட்டினாள்.

கூடத்தின் நடுவில், அத்தனை பேர் பார்க்க, சீர் மாலைக்காகப் போட்டிருந்த நாற்காலியில் உட்காரவைத்து அவள் கையில் போட்டேன். எங்கே பார்வையைத் திருப்புவது என்று தெரியாமல் ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். "ஐயோ, பச்சப்புள்ள" என்று ஒரு குரல். "யாரு சாபமோ" என்று இன்னொரு குரல். மதினி ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து நின்றார். ஐஸ் பெட்டி விஷயம் அவருக்கு அதற்குள் விளங்கியிருந்தது, முகத்திலேயே தெரிந்தது. "நாந்தான் வச்சேன். நாந்தான் வச்சேன்" என்று சொல்லிக்கொண்டே மகளின் வாயைத் துடைத்தார். என் கணவர் அப்போதுதான் அசைந்தார். குனிந்து அவளைத் தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தார். வாந்தி அவருடைய பட்டுவேட்டி எல்லாம் ஆனது. தெருவில் வழி திறந்திருந்தது.

உசிலம்பட்டி போகும்வரை பின்சீட்டில் மகள் என் மடியில் கிடந்தாள். தூங்கவிடாதீர்கள், பேச்சுக் கொடுங்கள் என்று அம்மாக்கள் குரூப்பில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். நான் வாய்ப்பாடு கேட்டேன். நான் கணக்கு டீச்சர், வேறு என்ன கேட்பேன். பதினேழாம் வாய்ப்பாட்டில் தப்பாகச் சொன்னாள். அந்தத் தப்புக்கு நான் பயந்த மாதிரி வாழ்க்கையில் எதற்கும் பயந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் உடனே டிரிப்ஸ் ஏற்றினார்கள். சாயங்காலத்துக்குள் மீட்டரில் எண் வர ஆரம்பித்தது. மெதுவாக இறங்கியது. மூச்சு சீரானது. "பசிக்குது" என்றாள். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, "இது நல்ல செய்தி" என்றார். என் அண்ணன் வராந்தாவில் போய் நின்று அழுதான்.

காளவாசல்காரர் ஸ்கூட்டியில் வந்து சேர்ந்திருந்தார். நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளம். தோளில் தையல் டேப் தொங்கியதைக் கழற்ற மறந்திருந்தார். வருடக்கணக்காக எழுத்தில் மட்டும் தெரிந்த ஆள், முதல் தடவையாக என் முன்னால் நின்று, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். நான் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். புது மருந்து பிளாஸ்க்குக்குள் பத்திரமாக இருந்தது.

குடும்ப குரூப் நிற்கவே இல்லை. எப்படி இருக்கிறாள் என்று கேட்டவர்கள் அதிகம். இதை எல்லாரும் பார்க்கப் போடணுமா என்று கேட்டவரும் உண்டு. பாகற்காய்ச் சாறு வீடியோவை ஒருவர் மறுபடி போட்டார். என் கணவர் அதுவரை அந்தக் குரூப்பில் ஒரு வார்த்தை எழுதியதில்லை. அன்றைக்கு எழுதினார்: "அண்ணே, இதுக்கு ஜூஸ் கிடையாது. ஊசிதான். இனி இந்த மாதிரி போடாதீங்க." எழுதிவிட்டு என்னிடம் காட்டினார். படித்துவிட்டு மகள் பக்கம் திரும்பிக்கொண்டேன். இன்னும் கோபம் அடங்கவில்லை எனக்கு.

ஒருவர் கேட்டிருந்தார்: "நேரத்துக்கு மருந்து கொடுத்த புண்ணியவான் யாரு?" எனக்குத் திக்கென்றது. கொழுந்தன் மனைவியின் ஈரக்கை நினைவுக்கு வந்தது. அதோடு இன்னொன்றும் உறைத்தது. சீல் உடைக்காத ஸ்பேரை என்னிடம் கொடுத்துவிட்டாள். அவளுக்கு?

தனியாக மெசேஜ் அனுப்பிக் கேட்டேன். பதில் வந்தது: "பென்ல கொஞ்சம் இருக்குக்கா. ராத்திரிக்குப் பத்தாது. மதுரைக்குப் போயி வாங்கிக்கலாம். என்ன சொல்லிட்டுப் போறதுன்னு தெரியல. வீடு நெறைய ஆளு."

காளவாசல்காரரிடம் காட்டினேன். படித்துவிட்டுப் பிளாஸ்கை எடுத்துக்கொண்டார். "நான் போறேன். பாப்பாவோட டீச்சர், சடங்குக்கு லேட்டா வந்தேன்னு சொல்றேன்" என்றார். ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு கடையில் பூப்போட்ட பரிசுத்தாள் வாங்கி, மருந்தையும் ஐஸ் ஜெல்லையும் அதில் சுற்றினார். எனக்கு ஆத்திரமாக வந்தது. உயிர் பிழைக்கப் போடுகிற மருந்தைத் திருட்டுச் சாமான் மாதிரிச் சுற்றவேண்டியிருக்கிறது. "அவங்க சொல்றப்ப சொல்லட்டும்மா. நான் சொன்னது என்னையத்தான்" என்றாள் மகள், படுத்தபடியே. கொழுந்தன் மனைவி என் போனுக்கே அவளுக்கும் ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தாள்: "எல்லாருக்கும் சொல்றப்ப பயமா இல்லையா பாப்பா?" மகள் பதில் போட்டிருந்தாள்: "வாந்தி வந்துச்சு சித்தி, அதனால யோசிக்கல."

இருட்டுவதற்குள் காளவாசல்காரர் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். பாத்திரச் சத்தம், ஆட்கள் பேச்சு, அதற்கு நடுவே அவர் குரல்: "கொடுத்துட்டேங்க. உங்க மதினி பக்கத்துலயே நின்னாங்க. பிரிச்சுப் பாருன்னு அவளச் சொன்னாங்க. அவ பிரிக்க மாட்டேங்குறா, அழுகுறா. நான் என்ன செய்யுறதுன்னு தெரியாம நிக்கிறேன்."

அதற்குப் பிறகும் மெசேஜ் நிற்காமல் ஓடியது, அவர் நிறுத்த மறந்திருக்க வேண்டும். பரிசுத்தாள் பிரியும் சத்தம் கேட்டது. பிறகு மதினியின் குரல், கிட்டத்தில், மெதுவாக:

"ஏத்தா, அழுகாத. நீ எத்தன மணிக்கு ஊசி போடணும்? சொல்லு. அதுக்குத் தக்கன சோறு எடுத்து வைக்கிறேன்."